மண் தடத்து மங்கையர்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில் உள்ள மாநிலங்களுள் டென்னஸி என்பது ஒன்று. அதன் தலைநகர் நாஷ்வில். அந்நகரின் ஒருபுறத்தே கம்பர்லந்து என்னும் ஆறு வளைந்து வளைந்து செல்கின்றது. அவ்வாற்றுக்கு அண்மையில் அமைந்துள்ளது டென்னஸி மாநிலப் பல்கலைக் கழகம். 1950ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அதன் விளையாட்டுக் களத்தைக் கண்டவர் எவரும், உலகப் புகழ் பெறும் ஓட்டக்காரர் அங்கே உருவாவர் என்று கனவிலும் கருதியிரார். வெறும் மண்ணால் அமைந்த நீள்வட்டத் தடம் ஒன்றே அங்கு இருந்தது. ஓடுவோர் தத்தம் வழியைப் பிரித்தறிவதற்கு உரிய கோடுகள்கூட அதில் இல்லை. மழை பெய்தால் சேறு. வெயில் காய்ந்தால் புழுதி. ஆயினும், அடுத்த நாற்பத்து நான்கு ஆண்டுகளில் அக்களத்திலிருந்து புறப்பட்ட மங்கையர் 40 பேர் ஒலிம்பிக் பந்தயங்களில் கலந்துகொண்டனர். அவர்கள் வென்ற பதக்கங்கள் 23. அவற்றுள் 13 தங்கப் பதக்கங்கள்.

இப்பல்கலைக் கழகம் தோன்றிய வரலாற்றைச் சிறிது அறிந்தால்தான் இதன் அருமை விளங்கும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமை முறை ஒழிந்த பின்னரும், கறுப்பின மக்களையும் வெள்ளையரையும் பிரித்து வைக்கும் சட்டங்கள் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தன. பள்ளி வேறு, மருத்துவமனை வேறு, உணவு விடுதி வேறு, பேருந்தில் அமரும் இடமும் வேறு. வெள்ளையர் பயின்ற கல்லூரிகளின் கதவுகள் கறுப்பினத்தாருக்கு அடைத்தே கிடந்தன. ஆகவே, 1912ஆம் ஆண்டில் அவர்களுக்கென்றே ஆசிரியப் பயிற்சியும், உழவும், தொழிலும் கற்பிக்கும் பள்ளி ஒன்றை மாநில அரசு நாஷ்வில்லில் நிறுவியது. அது படிப்படியாக வளர்ந்து கல்லூரியாயிற்று. 1951இல் பல்கலைக் கழகத் தகுதி பெற்றது. 1968இல் இன்றுள்ள பெயரை அடைந்தது. வெள்ளையர் கல்லூரிகளுக்குக் கிடைத்த பொருள் வளம் இதற்குக் கிடைக்கவில்லை. விளையாட்டுக் களத்தின் எளிமைக்கு அதுவே காரணம்.

இப்பல்கலைக் கழகத்துக்கு 1946இல் மாணவராக வந்து சேர்ந்தவர் எட் டெம்பிள் என்னும் இளைஞர். பென்சில்வேனியா மாநிலத்து ஹாரிஸ்பர்க் நகரில் 1927இல் பிறந்தவர். விரைவோட்டத்தில் வல்லவர். அவர் பட்டம் பெற்று வெளியேறும் வேளையில், கல்லூரியிலேயே தங்கிப் பெண்களின் ஓட்டக் குழுவுக்குப் பயிற்சியளிக்குமாறு தலைவர் கேட்டார். ஊதியம் மாதம் 150 டாலர். அந்த ஊதியத்துக்குப் பயிற்சியளிப்பதோடு கல்லூரி வளாகத்து அஞ்சல் நிலையத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்! அவர் சம்மதித்தார். பகலில் கடிதங்களைப் பிரித்துக் கொடுப்பார். தாமும் மேற்பட்டப் படிப்புக்குப் பாடம் படிப்பார். மாலையில் களத்துக்குச் செல்வார். பின்னர்ச் சமூகவியல் ஆசிரியராகவும் ஆனார். தம் கைப்பொருளைச் செலவிட்டு அம்மண் தடத்துக்குக் கோடு போடச் செய்தார். பந்தயம் நடக்கும் ஊர்களுக்குத் தம் சொந்தக் காரிலேயே பெண்களை ஏற்றிச் சென்றார்.

அப்பயணங்கள் எளியன அல்ல. வழியில் உள்ள உணவு விடுதிகளில் கறுப்பினத்தாருக்கு இடம் கிடையாது. எனவே, புறப்படும்போதே கட்டுணவைப் பொட்டலங்களாக எடுத்துக்கொள்வர். எரிபொருள் நிலையங்களில் காருக்கு எண்ணெய் விற்பர். ஆனால் அங்குள்ள கழிப்பறையைப் பயன்படுத்த விடமாட்டார்கள். ஆள் நடமாட்டமற்ற வயல்வெளி கண்டவிடத்துக் காரை நிறுத்துவதன்றி வேறு வழி இருக்கவில்லை. நூற்றுக்கணக்கான மைல் இவ்வாறு சென்று, இறங்கியவுடன் கால்களை உதறிக்கொண்டு பந்தயத்தில் ஓடவேண்டும். பிற குழுவினர் நன்றாக உறங்கி எழுந்து வந்திருப்பர். இரண்டையும் ஒப்பிட்டு நோக்கினால், கடிகாரம் காட்டும் விநாடிக் கணக்கு முழு உண்மையையும் சொல்வதில்லை என்பது தெரியும்.

பல்கலைக் கழகத்தின் ஆண் குழுவினர்க்குப் புலி என்பது அடையாளப் பெயர். தென்னாட்டு நன்மகளிரைப் 'பெல்' என்று அழைப்பது அவ்வூர் வழக்கு. இரண்டையும் இணைத்து இவ்வோட்டக் குழுவினரை 'டைகர்பெல்ஸ்' என்று அழைத்தனர். அவர்களுக்கு விளையாட்டின் பொருட்டு உதவித்தொகை வழங்கும் வழக்கம் அந்நாளில் இல்லை. நாள்தோறும் இரண்டு மணி நேரம் கல்லூரி அலுவலகத்திலோ வேறிடத்திலோ வேலை செய்து படிப்புச் செலவை ஈடு செய்தனர். வகுப்பு, வேலை, ஓட்டம் ஆகிய மூன்றும் ஒரே நாளில் முடிய வேண்டும்.

டெம்பிள் கண்டிப்பானவர். பயிற்சிக்கு ஒரு நிமிடம் தாமதமாக வந்தால் தடத்தை ஒரு முறை கூடுதலாகச் சுற்றி வர வேண்டும் என்பது அவர் விதி. படிப்பில் உரிய மதிப்பெண் குறைந்தால் பந்தயப் பயணத்தில் இடமில்லை. ஓடி முடித்தவுடன் முகத்தைத் துடைத்து, தலையை வாரிக்கொண்ட பின்னரே படம் எடுப்போர் முன் நிற்க வேண்டும். இந்த விதிகளுள் சில இன்று படிப்போர்க்கு மிகையாகத் தோன்றலாம். ஆனால், பெண்கள் ஓடுவதே தகாது என்று பலர் எண்ணிய காலம் அது. ஒரு சிறு குறை கண்டாலும் குழு முழுவதையும் பழிக்கக் காத்திருந்தவர்கள் உண்டு. அதனை அறிந்தே அவர் வேலியை உயர்த்திக் கட்டினார் என்று கொள்வது பொருந்தும்.

அவருடைய விதிகளுள் தலையாயது மற்றொன்று. இங்கு வருவது பட்டம் பெறுவதற்காக. ஓட்டம் அதற்கு அடுத்ததுதான் என்று அவர் ஒவ்வொருவரிடமும் ஓயாமல் கூறிவந்தார். ஓட்டத்தைக் கற்பிக்க அமர்த்தப்பட்டவர் ஓட்டத்தை இரண்டாம் இடத்தில் வைத்தது வியப்பாகத் தோன்றலாம். காரணம் இதுவே: அந்நாளில் ஓட்டப் பந்தயத்தில் வென்ற பெண்ணுக்குப் பரிசுப் பணம் இல்லை. பணம் பெற்றால் ஒலிம்பிக்கில் ஓடும் உரிமையே போய்விடும். இருபத்தைந்து வயதுக்குள் பெரும்பாலோருக்கு ஓட்டம் முடிந்துவிடும். பிறகு என்ன செய்வது? அவர்களுடைய தாயார் பலர் பிறர் வீட்டில் பாத்திரம் துலக்கியும், துணி வெளுத்தும் பிழைத்தவர்கள். கையில் பதக்கமும், போக வேண்டிய இடமாக அதே அடுக்களையும் இருக்குமானால், அப்பதக்கத்தால் என்ன பயன் என்று டெம்பிள் எண்ணினார்.

இக்குழுவின் மூத்த சகோதரியாக விளங்கியவர் மே பாக்ஸ். நியூயார்க்கைச் சேர்ந்த அவர், பதினாறு வயதில் 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடியவர்; 1952இல் ஹெல்சிங்கியில் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர். அதன்பின் டெம்பிளிடம் வந்து சேர்ந்தார். அதுகாறும் பெண்களின் ஓட்டத்தில் அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்தது அலபாமா மாநிலத்து டஸ்கீகிக் கல்வி நிலையம். 1955ஆம் ஆண்டில் நாட்டின் திறந்தவெளிப் போட்டியில் டென்னஸிக் குழு முதலிடம் பெற்றது. அதன்பின் பல ஆண்டுகள் அவ்விடம் அவர்களை விட்டு அகலவில்லை.

ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் பள்ளி மாணவியரை வரவழைத்து ஒரு மாத காலம் பயிற்சியளிக்கும் வழக்கத்தை டெம்பிள் ஏற்படுத்தியிருந்தார். விடியற்காலை ஐந்து மணிக்கே ஓட்டம் தொடங்கிவிடும். அம்மாணவியருள் ஒருத்தியாக வந்தவள்தான் வில்மா ருடால்ப்.

நாஷ்வில்லுக்கு ஐம்பது மைல் தொலைவில் உள்ளது கிளார்க்ஸ்வில் என்னும் ஊர். அதனை அடுத்த சிற்றூரில் 1940ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் வில்மா பிறந்தாள். குறைமாதக் குழந்தை, எடை நாலரை இராத்தல். தந்தையின் இரு மனைவியருக்கும் பிறந்த மக்கள் இருபத்திருவருள் அவள் இருபதாமவள். தந்தை இரயில் நிலையத்தில் சுமை தூக்குபவர். தாய் வெள்ளையர் வீடுகளில் பணிப்பெண். குழந்தைப் பருவத்திலேயே நுரையீரல் நோயும் கடுங்காய்ச்சலும் அவளை அடுத்தடுத்து வாட்டின. இறுதியில் வந்தது இளம்பிள்ளை வாதம். இடக்கால் வலுவிழந்து வளைந்தது. காலுக்கு இரும்புப் பட்டை பூட்டப்பட்டது.

கிளார்க்ஸ்வில்லில் கறுப்பினக் குழந்தைகளுக்கு அத்தகைய மருத்துவம் கிடைக்கவில்லை. நாஷ்வில்லில் மெஹாரி மருத்துவக் கல்லூரி என்று ஒன்று இருந்தது; அது கறுப்பின மக்களுக்காக ஏற்பட்டது. தாய் பிளாஞ்ச் வாரந்தோறும் மகளை அழைத்துக்கொண்டு பேருந்தில் ஏறுவார். பின்புறத்து இருக்கைகளே அவர்களுக்கு உரியவை. போக ஐம்பது மைல். திரும்ப ஐம்பது மைல். இவ்வாறு இரண்டு ஆண்டுகள் தவறாமல் சென்று வந்தார்கள். மருத்துவர் காலைத் தேய்த்து விடும் முறையைத் தாய்க்குக் கற்பித்தார். தாய் அதனை மூத்த பிள்ளைகளுக்குக் கற்பித்தார். வீட்டில் நாளைக்கு நான்கு முறை, யாருக்கு ஓய்வு கிடைத்ததோ அவர் தங்கையின் காலைத் தேய்த்துவிட்டார். பன்னிரண்டு வயதளவில் இரும்பும், அதற்கென்று அமைந்த தடித்த காலணியும் நீங்கின. அதுவரை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பிறர் ஆட்டத்தைப் பார்த்திருந்த சிறுமி, தெருவுக்கு இறங்கி ஓடினாள்.

பள்ளியில் அவள் கூடைப்பந்துக் குழுவில் சேர்ந்தாள். பயிற்சியாளரைச் சுற்றிச் சுற்றி வந்து தனக்கும் ஆட இடம் கேட்டுக்கொண்டே இருந்ததால் அவர் 'கொசு' என்று பட்டப் பெயர் சூட்டினார். ஒரு போட்டிக்கு நடுவராக வந்திருந்தவர் எட் டெம்பிள். பந்தை அவள் எவ்வாறு எறிந்தாள் என்பதை அவர் பார்க்கவில்லை. எவ்வாறு ஓடினாள் என்பதைப் பார்த்தார். நீண்ட கால்கள், அலட்டிக்கொள்ளாத ஓட்டம். கோடைப் பயிற்சிக்கு அழைப்பு வந்தது.

1956ஆம் ஆண்டு ஒலிம்பிக் தேர்வுப் பந்தயத்துக்குச் சென்றபோது வில்மா அச்சத்தால் நடுங்கினாள். மே பாக்ஸ் அவளை அருகில் அழைத்து, மற்றவரைப் பார்க்க வேண்டாம், தம்மை விட்டு விலகாமல் ஓடி வந்தால் போதும் என்று தேற்றினார். அவ்வாறே ஓடினாள், இருவரும் தேர்வாயினர். அவ்வாண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தொடர் ஓட்டத்தில் ஓடிய அமெரிக்கப் பெண்கள் நால்வரும் டென்னஸிப் பல்கலைக் கழகக் குழுவினரே. அவர்களுக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. பதினாறு வயதுப் பள்ளி மாணவியாகிய வில்மா அப்பதக்கத்தை வகுப்புத் தோழியருக்குக் காட்டினாள். அடுத்த முறை தங்கம் வெல்ல வேண்டும் என்ற எண்ணம் அப்போதே வேரூன்றிவிட்டது.

1958இல் வில்மா பல்கலைக் கழக மாணவியானார். ஒருநாள் பயிற்சிக்கு முப்பது நிமிடம் தாமதமாக வந்தார். விதி விதிதான்; முப்பது முறை தடத்தைச் சுற்றி ஓடினார். மறுநாள் முப்பது நிமிடம் முன்னதாகவே வந்து தடத்தருகே அமர்ந்திருந்தாராம்.

1960ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயம் உரோம் நகரில் நிகழ்ந்தது. அமெரிக்கப் பெண்கள் ஓட்டக் குழுவுக்குத் தலைமைப் பயிற்சியாளர் எட் டெம்பிள். 100 மீட்டர் ஓட்டத்துக்கு முந்திய நாள், வில்மா பயிற்சித் திடலில் ஒரு சிறு பள்ளத்தில் காலிடறிக் கணுக்கால் வீங்கிவிட்டது. டெம்பிள் இறுகக் கட்டுப் போட்டார். மறுநாள் நேர்க்கோட்டில் ஓடுவதுதானே, வளைவில் ஓட வேண்டியதில்லையே என்று ஆறுதல் கூறிக்கொண்டனர். அரையிறுதியில் வில்மா 11.3 விநாடியில் ஓடி உலகச் சாதனையை எட்டினார். இறுதிப் பந்தயத்தில் 11.0 விநாடி. பின்காற்று அளவுக்கு மீறி வீசியதால் அது சாதனையாக ஏற்கப்படவில்லை. தங்கப் பதக்கத்துக்கு அது தடையாகவில்லை. 200 மீட்டர் ஓட்டத்திலும் தங்கம் அவருக்கே.

எஞ்சியது தொடர் ஓட்டம். மார்த்தா ஹட்சன், லூசிண்டா வில்லியம்ஸ், பார்பரா ஜோன்ஸ், வில்மா ருடால்ப் ஆகிய நால்வரும் ஒரே பல்கலைக் கழகத்தார். ஒரே மண் தடத்தில் ஆயிரம் முறை கோல் மாற்றிப் பழகியவர்கள். அரையிறுதியில் 44.4 விநாடியில் ஓடிப் புதிய உலகச் சாதனை செய்தனர். ஆனால் இறுதிப் பந்தயத்தில், ஜோன்ஸ் கோலை நீட்ட, வில்மாவின் கை தடுமாறியது. கோல் நழுவி விழாதது நல்லூழே. அதற்குள் ஜெர்மானியப் பெண் முந்திவிட்டார். அப்போது வில்மா ஓடிய ஓட்டத்தைக் கண்டோர் அதனை மறந்திருக்க மாட்டார்கள். முந்தியவரைத் தொடர்ந்து பிடித்து, கடந்து, எல்லையைத் தாண்டினார். நேரம் 44.5 விநாடி. ஒரே ஒலிம்பிக்கில் ஓட்டத்தில் மூன்று தங்கம் வென்ற முதல் அமெரிக்கப் பெண் என்னும் பெருமை அவரை அடைந்தது.

ஊர் திரும்பியபோதுதான் உண்மையான சோதனை வந்தது. கிளார்க்ஸ்வில் நகரத்தார் வில்மாவுக்கு ஊர்வலமும் விருந்தும் நடத்த விரும்பினர். அவ்வூர் வழக்கப்படி வெள்ளையர் ஒருபுறமும் கறுப்பினத்தார் மறுபுறமும் பிரிந்திருக்க வேண்டும். அவ்வாறாயின் தாம் வரப்போவதில்லை என்று இருபது வயதுப் பெண் சொல்லிவிட்டார். உரத்த பேச்சில்லை, உறுதி ஒன்றே இருந்தது. நகரத்தார் இணங்கினர். 1960ஆம் ஆண்டு அக்டோபரில் நிகழ்ந்த அவ்வூர்வலமும் விருந்துமே அந்நகர வரலாற்றில் இரு நிறத்தாரும் ஒன்றாகக் கலந்துகொண்ட முதல் பொது நிகழ்ச்சிகள். வாரந்தோறும் பேருந்தின் பின்வரிசையில் அமர்ந்து தாயும் மகளும் புறப்பட்டது இதே ஊரிலிருந்துதான். உரோமில் வென்ற மூன்று வெற்றிகளினும் இந்நான்காம் வெற்றியே பெரிது என்று சொல்வோர் உண்டு. அவர்கள் கூற்றை மறுப்பது அரிது.

அவ்வாண்டுத் தொடக்கத்தில், நாஷ்வில் நகரத்து உணவு விடுதிகளில் கறுப்பின மாணவர்கள் அமைதியாக அமர்ந்து உணவு கேட்கும் அறப்போர் நடந்தது. அதில் டென்னஸிப் பல்கலைக் கழக மாணவரும் பங்கு கொண்டனர். 1961இல், மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் பேருந்துகளில் நிற வேற்றுமையை எதிர்த்துப் பயணம் செய்து சிறைப்பட்ட மாணவர் பதினால்வர் பல்கலைக் கழகத்தினின்று விலக்கப்பட்டனர். 2008ஆம் ஆண்டில்தான் அவர்களுக்குச் சிறப்புப் பட்டம் அளித்து அத்தவறு திருத்தப்பட்டது. நாற்பத்தேழு ஆண்டு காத்திருப்பு! வில்மாவும் 1963ஆம் ஆண்டு மே மாதத்தில் தம் ஊரில், கறுப்பினத்தாரை உள்ளே விடாத உணவு விடுதி ஒன்றின் வாயிலில் பிறருடன் நின்று கிளர்ச்சி செய்தார். சின்னாட்களில் அவ்வூர் உணவு விடுதிகளும் ஏனைய பொது இடங்களும் எல்லார்க்கும் திறக்கப்படும் என்று நகரத் தலைவர் அறிவித்தார்.

அதே 1963இல் வில்மா கல்வியியலில் பட்டம் பெற்றார். முந்திய ஆண்டே, இருபத்திரண்டு வயதில், ஓட்டத்தை நிறுத்திவிட்டிருந்தார். கிளார்க்ஸ்வில்லில் தொடக்கப் பள்ளி ஆசிரியராகவும், தம்மைக் 'கொசு' என்று அழைத்த பயிற்சியாளர் பணியாற்றிய அதே பள்ளியில் பயிற்சியாளராகவும் அமர்ந்தார். டெம்பிள் கருதிய கணக்கு இதுதான்.

இப்பல்கலைக் கழகத்தில் ஆண்களும் சளைத்தவர் அல்லர். கூடைப்பந்தில் 1957, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து தேசியக் கோப்பை ஒன்றை வென்றனர். அக்குழுவில் ஆடிய டிக் பார்னெட் பின்னர்ப் பெரும் புகழ் பெற்றார். நீளத் தாண்டலில் ரால்ப் பாஸ்டன், 1960ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் 8.21 மீட்டர் தாண்டி, ஜெஸி ஓவன்ஸ் 1935இல் நிறுவிய சாதனையைக் கடந்தார். அடுத்த மாதம் உரோமில் தங்கம் பெற்றார். அவரைப் பற்றிச் சொல்லத் தக்கது இன்னொன்று உண்டு. 1968இல் மெக்சிக்கோ நகரத் தகுதிச் சுற்றில் பாப் பீமன் என்னும் இளைஞர் இருமுறை கோட்டை மீறி மிதித்துவிட்டார். இன்னொரு முறை தவறினால் வெளியேற வேண்டியதுதான். போட்டியாளராகிய பாஸ்டனே அவரிடம் சென்று, எங்கிருந்து எழும்புவது என்று அறிவுரை கூறினார். பீமன் மறுநாள் 8.90 மீட்டர் தாண்டி உலகை வியக்க வைத்தார். பாஸ்டனுக்குக் கிடைத்தது வெண்கலம்.

மீண்டும் டெம்பிளின் களத்துக்கு வருவோம். வில்மாவுக்குப் பின் அங்கே தோன்றியவர் வையோமியா டையஸ். ஜார்ஜியா மாநிலத்துக் கிரிபின் என்னும் ஊரில் 1945இல் பிறந்தவர். தந்தை பால் பண்ணையில் வேலை செய்தவர். தாய் சலவை நிலையத்தில் உழைத்தவர். டையஸுக்குப் பதினைந்து வயதில் தந்தை இறந்தார். அத்துயரால் அப்பெண் பேச்சையே குறைத்துக்கொண்டாள். எதைக் கேட்டாலும் ஒரு சொல்லில் விடை கூறுவாள். அந்நிலையில் அவளது ஓட்டத்தைக் கண்டு டெம்பிள் கோடைப் பயிற்சிக்கு அழைத்தார். வாய் பேசாத துயரத்துக்குக் கால்கள் வடிகாலாயின.

1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரில் வெல்லக்கூடியவர் என்று டெம்பிள் கருதியது டையஸை அன்று. அதே குழுவின் மூத்த மாணவியும் டையஸின் நெருங்கிய தோழியுமாகிய எடித் மக்கையரைத்தான். டையஸின் காலம் 1968 என்பது அவர் கணிப்பு. நல்ல ஆசிரியரும் சில வேளை கணக்கில் தவறுவர். பத்தொன்பது வயது டையஸ் முதலில் வந்தார்; மக்கையர் இரண்டாவதாக வந்தார். இருவரும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர். 200 மீட்டர் ஓட்டத்தில் மக்கையர் தங்கம் வென்று கணக்கைச் சரி செய்தார்.

நான்கு ஆண்டு கழித்து மெக்சிக்கோ நகரில் 100 மீட்டர் இறுதிப் பந்தயம். ஓட்டக் கோட்டின் பின் நின்றவர் அனைவரும் இறுகிய முகத்தோடு காத்திருக்க, டையஸ் தாளத்துக்கு ஆடுவதுபோல் உடலை அசைத்து உள்ளத்தின் பாரத்தை இறக்கிக்கொண்டார். பிறகு 11.0 விநாடியில் ஓடி உலகச் சாதனை செய்தார். அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக் பந்தயங்களில் 100 மீட்டர் ஓட்டத்தை வென்றவர் ஆண்களிலும் பெண்களிலும் அதற்கு முன் எவரும் இலர். கார்ல் லூயிஸ் அதனைச் செய்து முடித்தது 1988இல்தான். அப்போது இச்செயலுக்கு அவரே முதல்வர் என்பதுபோல் பலர் பேசினர். இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் அதனைச் செய்துவிட்டார் என்பது அவர்களுக்கு நினைவுக்கு வரவில்லை. அதே மெக்சிக்கோவில், நிற வேற்றுமையைக் கண்டித்து வெற்றி மேடையில் கைம்முட்டியை உயர்த்தியதற்காகக் குழுவினின்று நீக்கப்பட்ட டாமி ஸ்மித், ஜான் கார்லோஸ் என்னும் இருவருக்கும், தொடர் ஓட்டத்தில் தாம் பெற்ற தங்கப் பதக்கத்தை உரிமையாக்குவதாக டையஸ் வெளிப்படையாக அறிவித்தார். ஒரு சொல்லில் விடை கூறிய பெண்தான் இவர். அவ்வாண்டே 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற மேடலின் மானிங்கும் இக்களத்து மாணவியே.

1978ஆம் ஆண்டில் பல்கலைக் கழகத்தின் ஓட்டத் தடத்துக்கு எட் டெம்பிளின் பெயர் சூட்டப்பட்டது. அவர் கைப்பொருளில் கோடு கண்ட பழைய மண் தடத்தின் நினைவு அதனால் நின்றது. அவரைச் சந்தித்தோர் பதக்கங்களைப் பற்றிக் கேட்பது வழக்கம். அவரோ வேறொரு கணக்கைச் சொல்லுவார். ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் பட்டம் பெற்றனர்; பலர் ஒன்றுக்கு மேற்பட்ட பட்டம் பெற்றனர் என்பதே அக்கணக்கு. மே பாக்ஸ் ஆசிரியரானார். லூசிண்டா வில்லியம்ஸ் ஆசிரியரானார். மார்த்தா ஹட்சனும் ஆசிரியரானார்.

1994ஆம் ஆண்டில் டெம்பிள் ஓய்வு பெற்றார். அவ்வாண்டு நவம்பர் 12ஆம் நாள் வில்மா ருடால்ப் ஐம்பத்து நான்காம் வயதில் மறைந்தார். கிளார்க்ஸ்வில் நகரில் ஒரு பெருஞ்சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. டெம்பிளின் இடத்துக்கு வந்தவர் அவர் மாணவியே: 1984ஆம் ஆண்டு இலாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் தொடர் ஓட்டங்களில் இரண்டு தங்கமும், 400 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளியும் வென்ற சாண்ட்ரா சீஸ்பரோ. பிளாரிடாவிலிருந்து பதினேழு வயதில் ஒலிம்பிக்குக்குச் சென்றுவிட்டு இப்பல்கலைக் கழகத்துக்குப் படிக்க வந்தவர் அவர். தம் ஆசிரியர் நின்ற அதே தடத்தின் ஓரத்தில் கடிகாரத்தைக் கையில் பிடித்து நின்று, தாமதமாக வருவோரை எதிர்நோக்கும் பொறுப்பு அவரைச் சேர்ந்தது. 2016ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், எண்பத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் கழித்து எட் டெம்பிள் மறைந்தபோது, அவ்வோட்டக் களத்தில் சீஸ்பரோ தம் மாணவியருக்குப் பயிற்சியளித்துக்கொண்டிருந்த காலம்.